பிசிறு

அக்கா கண்ணாடி இல்லாமலே ஊசியில் நூல் கோத்தாள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கவில்லை, நூல் நுனியை நாக்கில் நனைக்கவில்லை. தங்கையைப் பார்த்தபடியே கோத்தாள். கண்ணில் லென்ஸ் மாற்றிக்கொண்டு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. தங்கைக்கு வயிறு எரிந்தது. இருவரும் சேர்ந்து நடத்தும் தையல்கடையில் வெள்ளெழுத்து வந்து திண்டாடுவது இனி அவள் ஒருத்திதான்.

"உன் கழுத்துல ஒரு பிசிறு நீட்டிக்கிட்டு இருக்கு. இரு," என்றாள் அக்கா.

சுருக்கென்று வலித்தது. தொட்டுப் பார்த்தால் விரலில் ஈரம். விரலைக் கண்ணருகே கொண்டுவந்தால் மங்கல், தள்ளிப் பிடித்தால் சிவப்பாக ஏதோ. தங்கை கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அக்கா ஒரு துணித் துண்டால் துடைத்துவிட்டாள்.

"நூல்தாண்டி. தையல்காரி பிசிறைப் பாத்துட்டுச் சும்மா இருக்க முடியுமா?"

அது உண்மைதான். பேருந்தில் முன்னால் நிற்பவரின் காலரில் பிசிறு தெரிந்தால்கூட இருவருக்கும் கை நிற்காது. அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

அதன்பின் கடையில் ஒரு புதுச் சத்தம் சேர்ந்தது. மெஷினின் கடகடப்பும் இஸ்திரிப்பெட்டியின் ஆவியும் எண்ணெய் வாடையும் வழக்கம்போல இருக்க, அவற்றுக்கு அடியில், அக்கா உட்கார்ந்திருந்த மூலையிலிருந்து, பழைய துணியில் தையலைப் பிரிக்கும்போது வருமே, அந்த மெல்லிய டிக் டிக் மதியம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது. அக்காவின் மடியில் பிரிக்க எந்தத் துணியும் இல்லை. இடது கையில் சுற்றியிருந்த துணிக்கட்டுதான் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டிருந்தது.

"கையில என்னக்கா?"

"ஊசி குத்திடுச்சு."

ஊசி குத்தினால் கட்டிலிருந்து இப்படியா அழுகல் வாடை வரும்? தங்கைக்குப் பயமாக இருந்தது. அவள் கழுத்திலும் இப்போது பல இடங்களில் எரிந்தது. கண்ணாடி மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடியில் பார்த்தால் சிவந்த புள்ளிகள் மட்டும் தெரிந்தன.

"கண்ணாடி போட்டா அது தெரியாதுடி," என்று அக்கா சிரித்தாள். "நீ என்ன, கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம் பண்ணப் போறியா?"

தானும் லென்ஸ் மாற்றிக்கொள்ளப் போவதாகத் தங்கை வீட்டில் சொன்னதும் அவள் மகள் தடுத்தாள். "கண்ணாடியே போதும்மா. நல்லா இருக்கிற லென்ஸை எதுக்கு எடுக்கணும்?"

டாக்டரும் எதையும் ஒளிக்கவில்லை. "எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தாள். யோசித்துக்கொண்டிருக்கும்போதே அக்காவின் விரல் பின்கழுத்தைத் தடவியது. அவள் எதைப் பிடுங்குகிறாள் என்று தன் கண்ணால் பார்த்தாக வேண்டும். தங்கை ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிட்டாள்.

இரண்டு கண்ணும் முடிந்து வீடு திரும்பிய காலையில், உலகமே துவைத்துக் காயப்போட்டதுபோல் இருந்தது. மருந்துப் புட்டியின் பொடி எழுத்து, சுவரின் மயிரிழை விரிசல், உள்ளங்கை ரேகை என எல்லாம் பளிச்சென்று தெரிய, பயந்ததை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிசிறும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அக்காவுக்குத்தான் ஏதோ கிறுக்கு.

"என்னைத் தெரியுதாம்மா?" மகள் எதிரே மண்டியிட்டு, முகத்தை அருகில் கொண்டுவந்து சிரித்தாள்.

தெரிந்தது. மூக்கின் மேல் வேர்வைத் துளி. கன்னத்தின் பூனைமுடி. உதட்டோரம் ஒரு பிசிறு.

வெள்ளை நூல்.

கண்ணை இறுக மூடினாள். கைகளைத் தொடைக்கடியில் வைத்து அழுத்தினாள். தூரப் போ என்று சொல்ல வாயெடுத்தாள்.

"ஆடாம இரு," என்றது வாய்.

இழுத்தாள். அறுபடவில்லை. வந்தது.

டிக்.

டிக்.

மகளின் சிரிப்பு கன்னத்தில் ஏறிக் காதுவரை பிரிந்தது. மகள் அம்மா என்று கூப்பிடப் பார்த்தாள். சேர்வதற்கு உதடு இல்லை. தாயின் விரல்கள், பழகிய விரல்கள், நூலைச் சுற்றிக்கொண்டே போயின.