போய்ட்டு வர்றோம்

தக்காளித் தொக்குப் பதிவுக்கு வந்த பின்னூட்டத்தில் தொக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

"வந்திருந்தோம். கதவு பூட்டியிருந்தது. போய்ட்டு வர்றோம்."

எழுதியவர் பெயர் 'பாப்பா அம்மா' என்றிருந்தது. அடுப்பில் பால் இருப்பதையும் மறந்து கலைமணி அதை இன்னொரு முறை படித்தாள். முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை மறைப்பானேன். 'தக்காளிக் கூடை' என்று ஒரு வலைப்பூவைத் தொடங்கி, வாரம் தவறாமல் எழுதி, எழுதியதைத் தானே திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். முன்பின் தெரியாத ஒருவர் எட்டிப் பார்த்தது அவளுக்குப் பண்டிகை வந்த மாதிரி இருந்தது. கதவு பூட்டியிருந்தது என்பதை விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொண்டாள். நெட் கிடைக்காமல் பக்கம் திறந்திருக்காது, அதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள் என்று நினைத்தாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. மேடையைத் துடைக்கும்போதுதான் அன்று பகல் முழுக்க வீடு நிஜமாகவே பூட்டிக் கிடந்தது நினைவுக்கு வந்தது. மகள் தீர்த்தனாவின் பிறந்த நாளுக்குச் சட்டை எடுக்க இருவரும் பாலக்கோடு போயிருந்தார்கள்.

மாரண்டஹள்ளிக்கு வெளியே, வழி தவறியும் யாரும் வராத ஒரு மண் பாதையில், தோட்டத்துக்கு நடுவே தனியாக நிற்கும் வீடு அது. கணவன் மாதவராஜ் பொழுது சாய்ந்ததும் தக்காளிப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓசூருக்குக் கிளம்பினால் விடிந்துதான் வருவான். கூப்பிடு தூரத்தில் வேறு வீடு கிடையாது. பள்ளிக்கூட வேனை விட்டு இறங்கியதும் தீர்த்தனா சொல்லும் முதல் வார்த்தை, "வெளையாட ஆளே இல்லம்மா" என்பதுதான். பிள்ளைக்கு விளையாட ஆளில்லை, அம்மாவுக்குப் பேச ஆளில்லை. வலைப்பூ வந்த கதை அவ்வளவுதான்.

ஆளை வரவழைக்கும் வழியைச் சொல்லித் தந்தவள் அஸ்கரி பேகம். தர்மபுரியில் கணவரின் துணிக்கடைக்கு மேலே மாடியில் உட்கார்ந்துகொண்டு பூவேலைத் தையல் பற்றி எழுதுகிறவள். அவள் ஒரு ஊசியைப் பற்றி எழுதினாலும் படிக்க ஒரு கூட்டம் வரும்.

"சும்மா எழுதிட்டு ஒக்காந்திருந்தா யாரு வருவா? நீ நாலு எடத்துக்குப் போகணும் கலை. கொஞ்சம் பிளாக் பொறுக்கி எடுத்துக்க. ஆனா பாத்துப் பொறுக்கு. கடைசியா எப்ப எழுதியிருக்காங்கன்னு தேதியப் பாரு. கமெண்ட் போட்டா பதில் சொல்றவங்களான்னு பாரு. முழுசா படி. விடாம போ. நீ போனா அவங்களும் வருவாங்க, அது ஒரு மரியாதை."

கலைமணி அந்தக் கடைசி விஷயத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சமையல், மாடித் தோட்டம், கோலம், குழந்தை வளர்ப்பு என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஒரே மூச்சில் பின்தொடர்ந்தாள். பொறுக்கவும் இல்லை, படிக்கவும் இல்லை. மேலே இருக்கும் படத்தைப் பார்ப்பாள், இரண்டு வரி நல்லதாகச் சொல்வாள், அழைப்பு வைத்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவாள்.

இந்தப் பாப்பா அம்மா எந்த வாசல் என்று அவளுக்கு நினைவில்லை. பெயரைத் தொட்டாள். 'பாப்பாவும் நானும்' என்றொரு வலைப்பூ திறந்தது. மேலே ஒரு படம். கட்டில் மேல் மஞ்சள் சட்டை ஒன்றை விரித்து, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி வைத்து எடுத்திருந்தார்கள். 'பாப்பாவுக்குப் பிறந்த நாள்' என்று தலைப்பு. பின்னூட்டங்களைத் திறந்தால் கலைமணி எழுதியது மட்டும் இருந்தது.

"பாப்பாவுக்கு வாழ்த்துகள். சட்டை ரொம்ப அழகு. கண்டிப்பா மறுபடியும் வருவேன். மாரண்டஹள்ளிப் பக்கம் வந்தா அம்மாவும் பொண்ணும் எங்க வூட்டுக்கு வந்து சாப்பிட்டுத்தான் போகணும். எம் பொண்ணுக்கும் வெளையாட ஆள் இல்ல."

நன்றாகத்தான் எழுதியிருக்கிறோம் என்று அவளுக்குத் திருப்தியாக இருந்தது. படத்துக்குக் கீழே 'மேலும் படிக்க' என்றிருந்தது. தீர்த்தனா பசிக்கிறது என்று கூப்பிட்டாள். கலைமணி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்பக்கத் தொட்டியில் துணி துவைத்துவிட்டு, ஈரக் கையோடு உள்ளே வந்தவள் நடு அறையில் நின்றுவிட்டாள். வீட்டில் எப்போதும் இருக்கும் நசுங்கிய தக்காளியின் புளித்த வாசனைக்கு மேலே வேறொன்று இருந்தது. கடையில் மடிப்புப் பிரித்ததும் குப்பென்று வருமே, அந்தக் கஞ்சியும் சாயமும் கலந்த புதுத்துணி வாசனை. பிறந்த நாள் சட்டையைப் பிள்ளை எடுத்துவிட்டாளோ என்று பீரோவைப் போய்ப் பார்த்தாள். பூட்டியபடியே இருந்தது. தீர்த்தனா தரையில் சொப்புச் சாமான்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். இரண்டு சின்னத் தட்டுகளில் மண்ணும் துவரை இலையும் பரிமாறியிருந்தது.

"யாருக்கு சாமி ரெண்டாவது தட்டு?"

"அக்காவுக்கு."

"எந்த அக்கா?"

"சட்டை மொடமொடன்னு சத்தம் போடுதே, அந்த அக்கா. அவுங்கம்மா நெலப்படியிலயே நின்னாங்க. நீ வந்து சொன்னாத்தான் ஒக்காருவாங்களாம்."

கலைமணி வாசலைப் பார்த்தாள். வெயில் காய்ந்த களத்தில் தக்காளிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அன்று முழுக்கத் தீர்த்தனா ஆளில்லை என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சாயங்காலம் போனைத் திறந்தாள்.

"வந்திருந்தோம். நீங்க துணி துவைச்சிட்டிருந்தீங்க, கூப்பிடல. பாப்பா கொஞ்ச நேரம் வெளையாடினா. போய்ட்டு வர்றோம்."

இந்தத் தடவை சந்தோஷம் வரவில்லை. மாதவராஜிடம் காட்டினாள். அவன் வண்டியில் பெட்டிகளைக் கட்டிய கயிற்றை இறுக்கிக்கொண்டே படித்தான்.

"எவனோ வேலை வெட்டி இல்லாதவன் எழுதறான். முகம் தெரியாதவங்களையெல்லாம் வூட்டுக்கு வான்னு எழுதுனா இப்படித்தான். கதவத் தாப்பா போட்டுக்க."

வண்டியின் பின் விளக்கு பாதை முனையில் திரும்பி மறைந்தது. அவள் தாழ்ப்பாள் போட்டாள். அன்று இரவு ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் நடக்கவில்லை. ஆனால் புதுத்துணி வாசனை மட்டும் வீட்டை விட்டுப் போகவே இல்லை. சாம்பிராணி போட்டாள், தரையைக் கழுவினாள், பீரோவிலிருந்த ரோஸ் நிறப் பிறந்த நாள் சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அதன் கவரைக்கூடப் பிரிக்கவில்லை, அதில் வாசனையே இல்லை.

பிறந்த நாளுக்கு முதல் நாள் பொழுது சாயும்போதே மழை பிடித்துக்கொண்டது. மாதவராஜ் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கரண்டும் போனது. அவன் விடிந்து வந்து சாப்பிடக் களியும் கீரைக் குழம்பும் மூடி வைத்துவிட்டு, தீர்த்தனாவுக்கு ஊட்டி, மெழுகுவத்தி வெளிச்சத்தில் கட்டிலில் படுக்க வைத்தாள் கலைமணி. பிள்ளை உடனே தூங்கிவிட்டாள். தகரக் கூரையிட்ட மாட்டுக் கொட்டகையில் மழை அறைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள் வேறு சத்தம் கேட்டாலும் கேட்காது என்பது அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. தாங்க முடியாமல் அஸ்கரியைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அஸ்கரி அந்தப் பக்கத்தைத் தன் போனில் திறந்து கடைசி வரை படித்தாள்.

"கலை, இத நீ முழுசா படிச்சியா?"

"போட்டோ பாத்தேன்க்கா."

"கீழ 'மேலும் படிக்க'ன்னு இருக்கே, அதத் தொட்டியா?"

கலைமணி கட்டிலில் தூங்கும் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள்.

"இத எழுதினது அந்தம்மா இல்ல. அவங்க அண்ணன். பொறந்த நாளுக்கு முந்தின நாளு சட்டை எடுத்துக்கிட்டு வர்றப்ப பஸ் கவுந்துடுச்சாம். அம்மாவும் இல்ல, பொண்ணும் இல்ல. பாப்பா போட்டுப் பாக்காத சட்டை, பையில அப்படியே இருந்துச்சுன்னு எழுதியிருக்காரு. இனிமே இந்தப் பக்கத்துல எழுத யாரும் இல்லன்னு முடிச்சிருக்காரு. இது எத்தனையோ வருஷத்துக்கு முந்தி கலை. தேதியப் பாருன்னு சொன்னேனே."

துக்க வீட்டுக்கு எப்படிப் போக வேண்டும், எப்படித் திரும்ப வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே போய் யாரையும் நம் வீட்டுக்கு அழைக்கக் கூடாது. மறுபடி வருகிறேன் என்று வாய் தவறியும் சொல்லக் கூடாது. சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட வேண்டும். வந்ததும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாமல் பிள்ளையைத் தொடக் கூடாது. கண்ணாடித் திரைக்கு உள்ளேயும் துக்க வீடு இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. அழைத்துவிட்டாள். வருகிறேன் என்றாள். சாப்பிடக் கூப்பிட்டாள். என் பொண்ணுக்கு விளையாட ஆளில்லை என்று தன் பிள்ளையையும் காட்டிவிட்டு, அதே கையால் அவளைக் கட்டிக்கொண்டு தூங்கினாள்.

"நீ போட்டத அழிச்சிடு. அவங்க ஒன்னோடதுல போட்டதையும் அழி. தீர்த்தனா பக்கத்துலயே இரு. நான் அவர எழுப்பி…"

டவர் போய்விட்டது.

மெழுகுவத்தியை எடுக்கப் போனாள், அது அணைந்தது. தடவிக்கொண்டே போய்க் கட்டிலில் ஏறி, சுவர்ப் பக்கம் படுத்திருந்த மகளை ஒட்டிப் படுத்தாள். இடது கையை அவள் முதுகில் வைத்துத் தட்டிக் கொடுத்தாள். வலது கையில் போன். வெளிச்சம் பிள்ளையின் கண்ணில் படாமல் மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

பக்கம் திறக்கவில்லை. வட்டம் சுற்றியது. மழை குறைந்தது. சமையலறையில் ஏதோ தட்டு நகர்ந்தது.

பூனையாக இருக்கும்.

இந்த வீட்டுக்குப் பூனை வருவதில்லை.

மூடியை எடுத்துத் தரையில் வைக்கும் சத்தம். மெதுவாக, அடுத்தவர் வீட்டில் வைக்கிற மாதிரி பதவிசாக. பிறகு களியைப் பிட்டு விழுங்கும் சத்தம். கலைமணி மூச்சை அடக்கினாள். எழுந்து போய்ப் பார்க்க அவளால் முடியாது. பிள்ளையை விட்டு அசைய மாட்டேன், எது வந்தாலும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

டவர் திரும்பி வந்து பக்கம் திறந்தது. மஞ்சள் சட்டை. தன் பின்னூட்டம். அழி. நிஜமாக அழிக்கவா என்று கேட்டது. ஆமாம். வட்டம் சுற்றியது. சுற்றியது. போய்விட்டது.

தன் வலைப்பூவுக்கு வந்தாள். வந்திருந்தோம் என்ற இரண்டையும் அழித்தாள். பின்தொடர்வதை நிறுத்தினாள். சமையலறையில் சத்தம் நின்றது. தாழ்ப்பாள் போட்ட கதவு திறந்து, மூடியது. மழையும் நின்றிருந்தது. ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டுகிற தண்ணீர் மட்டும் கேட்டது. போய்விட்டார்கள். கலைமணிக்கு அழுகை வந்தது. ஈஸ்வரா, தீர்த்தமலையானே என்று முனகிக்கொண்டே மகளை இன்னும் கொஞ்சம் தட்டிக் கொடுத்தாள்.

போன் ஒரு தடவை அதிர்ந்தது.

"சாப்பிட்டோம். பாப்பாவுக்கு வெளையாட ஆள் கிடைச்சாச்சு."

அவ்வளவுதான். அவள் கீழே தள்ளிப் பார்த்தாள். மறுபடி மேலே தள்ளிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் கடைசியில் இருக்குமே அந்த வார்த்தை, அது இல்லை. போய்ட்டு வர்றோம் என்று இந்தத் தடவை சொல்லவில்லை.

சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியிருக்கிறார்கள்.

எந்த வீட்டிலிருந்து அப்படிக் கிளம்புவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

மொட.

சத்தம் மிக அருகில் கேட்டது. தட்டுவதை நிறுத்தினாள். சத்தமும் நின்றது. கையை ஒரு முறை அழுத்தினாள்.

மொட.

புதுத்துணி வாசனை. உள்ளங்கைக்குக் கீழே கஞ்சி போட்ட துணியின் முரட்டு மடிப்பு. அதற்குக் கீழே சூடு இல்லை. மூச்சு ஏறி இறங்கவில்லை. மெத்தைதான் இருந்தது.

கலைமணி போன் வெளிச்சத்தைத் திருப்பினாள்.

பீரோவில் பூட்டி வைத்திருந்த ரோஸ் நிறச் சட்டை. விலைச் சீட்டுகூடக் கழற்றவில்லை. பித்தான்களைக் கழுத்து வரை போட்டு, சுருக்கமில்லாமல் நீவி, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிவிட்டு, தலையணைக்குக் கீழே ஒழுங்காக விரித்து வைத்திருந்தார்கள். உள்ளே யாரும் இல்லை.