போதகர் கையில் ஒரு கடிதம்

தாராவி. ஞாயிறு காலை ஏழரை.

பிரசங்க மேடைக்குப் பின்னால் போதகர் ஞானாபரணம் செத்துக் கிடந்தார்.

வாயோரம் நுரை. பக்கத்தில், தொண்டைக்கு இதமாக அவர் குடிக்கும் சுக்குத் தண்ணீர் பிளாஸ்க். கையில் மடித்த கடிதம்...

விஷம் கலந்தவனும், கடிதத்தைச் செருகியவனும், இப்போது முதல் வரிசையில் தேம்பித் தேம்பி அழுபவனும் ஒரே ஆள்தான்.

உதவி ஊழியன் நகுல்.

பம்பாயில் பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசினால் தேன். படிக்கத்தான் ஓர் எழுத்தும் தெரியாது. அந்த ரகசியம் போதகரின் மனைவி ஜெபக்கனிக்கு மட்டும் தெரியும். நாலு வருடமாக அவனுடைய தமிழ்ப் பிரசங்கங்களை இந்தி எழுத்தில் எழுதித் தருபவள் அவள்தான்.

போதகர் அவனுக்குக் குருப்பட்டம் தர மறுத்தார்; அதற்குத்தான் விஷம். நேற்று அந்தக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

"முன்ன ஒருக்க மனசு ஒடிஞ்சு அவரு கைப்பட எழுதுனதுடே. 'என் ஓட்டம் முடிஞ்சுது, நானே போறேன், சபைய நகுல் பாத்துக்கிடட்டும்'னு எழுதிருக்காரு. காரியம் முடிஞ்சதும் அவரு கையில வச்சிரு."

இன்ஸ்பெக்டர் கெய்க்வாட் கடிதத்தை விரித்தார். தமிழ். கான்ஸ்டபிள் பூலோகத்திடம் நீட்டினார்.

பூலோகம் உரக்கப் படித்தார்.

"தலைமைச் சபைக்கு... குருப்பட்டம் தர மாட்டேன் என்றதற்கு நகுல் என்னைக் கொல்வதாக மிரட்டுகிறான். எனக்கு ஏதாவது நேர்ந்தால் அவனே பொறுப்பு. ஞானாபரணம்."

நகுலின் அழுகை பாதியில் நின்றது.

"இல்ல சார்... நான் வச்ச லெட்டர்ல அப்படி இல்ல!"

சபையே திரும்பியது.

"நீ வச்சதா?" என்றார் பூலோகம்.

"பாஸ்டரம்மா வேற மாதிரி படிச்சுக் காட்டுனாங்க சார். எனக்குத் தமிழ் படிக்க வராது."

"வாராவாரம் பேப்பரப் பாத்து ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணுதியாமே?"

"அது இந்தி எழுத்து சார்."

"அந்தப் பேப்பர் எங்க?"

"ஆராதனை முடிஞ்சதும் பாஸ்டரம்மா வாங்கிக் கிழிச்சிருவாங்க..."

யாரோ சிரித்தார்கள். கையில் விலங்கு விழுந்தது.

ஜெபக்கனி எழுந்து வந்தாள். அவன் தலையில் கை வைத்து ஜெபிக்கத் தொடங்கினாள். சபை கண்களை மூடியது. அவள் உதடு அவன் காதோரம் குனிந்தது.

"அந்த லெட்டரத் தபால்ல போடச் சொல்லி எங்கிட்ட குடுத்தாரு. நான் ஒளிச்சு வச்சேன். இருவது வருசமா அவருக்கும் நாந்தான் பிரசங்கம் எழுதிக் குடுத்தேன். ஒரு நாளாவது என்னை மேடை ஏறவிட்டாரா? இனி அவரும் இல்ல, நீயும் இல்ல. ஆமென்."

"ஆமென்," என்றது சபை.

ஜீப்பில் நகுல் கதறினான்.

"சத்தியமா தமிழ் படிக்கத் தெரியாது சார்..."

பூலோகம் அவன் தோளைத் தட்டினார்.

"ஆயுள் தண்டனை கிடைக்கும்லா. அ, ஆ-லயிருந்து ஆரம்பிச்சாலும் டைம் மிச்சமிருக்கும்டே."