மிதித்த பெடல் மேலே வரவில்லை!

டிரிங்... டிரிங்...

ஷெட் சுவரில் போன் அலறியபோது, மெக்கானிக் ஒரு காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார்.

காலை பத்தரை மணி.

அவருக்கு வரும் போன்கள் இரண்டே வகை. 'வண்டி ரெடியா?' என்பவர்கள். அல்லது ராங் நம்பர். மனைவி கண்ணை மூடி ஆறு வருடம். மகள் கடல் தாண்டிப் போய் நாலு வருடம். மாடியில் ஓர் அறை, கீழே ஷெட். நடுவில் பதினாறு படிகள். அவ்வளவுதான் அவருடைய உலகம்.

கையைத் துடைத்துக்கொண்டு ரிசீவரை எடுத்தார்.

"ஹலோ..."

"இன்ஸ்பெக்டர் பேசறேன். லைப்ரரியன் அம்மாவோட நீலக் கார்... நீங்கதானே பார்க்கறது?"

"ஆமா சார். என்ன ஆச்சு?"

"பார்க் சுவர்ல மோதிடுச்சு."



"அவங்க...?"

"உயிர் இருக்கு. கை முறிஞ்சிருக்கு. வண்டி ஸ்டேஷன்ல நிக்குது. உடனே கிளம்பி வாங்க!"

கூப்பிடும் குரலாக இல்லை அது... பிடிக்கும் குரல்!

ஸ்டேஷன் வளாகத்தில் நீலக் கார், முகம் நசுங்கி நின்றது. இன்ஸ்பெக்டர் அதன் மேல் சாய்ந்துகொண்டிருந்தார்.

"ஆக்ஸிலரேட்டர் ஒட்டிக்குதுன்னு நாலு மாசத்துல நாலு தடவை உங்ககிட்ட வந்திருக்காங்க. அவங்க தம்பி சொன்னார். நாலு தடவையும் சரி பண்ணிட்டேன்னு அனுப்பியிருக்கீங்க."

"சரி பண்ணித்தான் சார் அனுப்பினேன்!"

"அப்போ இன்னிக்கு எப்படி மோதிச்சு? ஒண்ணு, உங்களுக்கு வேலை தெரியாது. இல்லே... ரொம்ப நல்லாத் தெரியும்!"



"சார்... நானே ஒரு தடவை பார்க்கட்டுமா? நீங்க பக்கத்துலயே நில்லுங்க."

"நிப்பேன். கண்ணைக்கூடக் கொட்ட மாட்டேன்."

மெக்கானிக் முதலில் தரை விரிப்பைப் பார்த்தார். பெடலில் மாட்டவில்லை. பெடல் பாதி அமுங்கிய நிலையிலேயே நின்றது. காலை எடுத்தால் தானாக மேலே வரவேண்டிய பெடல்!

நசுங்கிய பானெட்டைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தார்.

"பெடல்ல ஆரம்பிச்சு ஒரு கேபிள் வருது சார். அது இஞ்சின்ல இருக்கற சின்னக் கதவைத் திறக்கும். கதவு திறந்தா வேகம். மூணுல ஒண்ணு மாட்டிக்கிட்டிருக்கு. கதவு, கேபிள், பெடல்... எதுன்னு பார்க்கணும்."

கேபிளைக் கதவிலிருந்து கழற்றினார். கதவை விரலால் திறந்து விட்டார்.

டக்!

"கதவு சுத்தம். ஸ்பிரிங் நல்லா இழுக்குது."

கேபிளின் மறுமுனையையும் கழற்றி இழுத்துப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு வந்தது.

"கேபிளும் சுத்தம்."

"அப்போ?"

"பெடலேதான்!"

சீட்டுக்கு முன்னால் தலைகீழாக நுழைந்து, பெடல் ஆடும் கீலில் டார்ச் அடித்தார்.

திடுக்கிட்டார்!

கீலைச் சுற்றிப் பழுப்பு நிறப் பசை. பாதி இறுகிப்போய்! ஸ்குரூடிரைவரால் சுரண்டினார். அடியில் வெள்ளையாக இன்னொன்று. முகர்ந்தார்.

மெழுகு!

நாலு தடவையும் இதே வெள்ளையைத் துடைத்திருக்கிறார். பழைய கிரீஸ் இறுகியது என்று நினைத்து.

நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாரா?

லைப்ரரியன் ஷெட்டுக்கு வந்தால் மர ஸ்டூலில் உட்கார்ந்து, "இது என்ன? அது எதுக்கு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். அரை மணி வேலை மூன்று மணி நேரம் ஓடும். இரண்டு டம்ளர் டீ ஆறிப்போகும். அவள் போனதும் ஷெட் திடீரென்று பெரிதாகிவிடும். அதிகம் தோண்டிப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை... அதுதான் உண்மை.

"சார், அடியில மெழுகு, மேல புதுசாப் பசை... இதுல ரெண்டு பேரோட கை வேலை செஞ்சிருக்கு!"

ஆஸ்பத்திரி அறை. இன்ஸ்பெக்டரோடு மெக்கானிக்கும் வந்திருந்தார்.

லைப்ரரியன் கட்டுப் போட்ட கையுடன் கிடந்தாள். பக்கத்தில் அவளுடைய தம்பி, ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தான்.

"மேட்டுல ஏத்தறதுக்கு அழுத்தினேன் சார். அப்புறம் பெடல் மேல வரவே இல்லை! பிரேக் போட்டும் இழுத்துட்டே போச்சு. வண்டி பிச்சுக்கிட்டா நியூட்ரல்ல தள்ளுங்கன்னு மெக்கானிக் சார் சொல்லியிருந்தார். கடைசி நிமிஷம் தள்ளினேன்... இல்லேன்னா..."

இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, பெடல்ல மெழுகு இருந்துச்சு. யார் வெச்சது?"



அவள் கண்களில் நீர் திரண்டது.

"நான்தான் சார்..."

மெக்கானிக் அதிர்ந்தார்.

"வீட்ல யாரும் என்கிட்ட பேசறதில்லை. லைப்ரரியில பேசினா தப்பு. ஒரு சொட்டு மெழுகு வெச்சா பெடல் லேசா ஒட்டும். ஷெட்டுக்குப் போகலாம்... 'என்ன மேடம், மறுபடியுமா?'ன்னு கேக்கறதுக்கு ஒருத்தர் இருப்பார்..."

தம்பி கத்தியைக் கீழே வைத்தான். குரலில் தேன் வழிந்தது.

"பாவம் சார் அக்கா! தனியா இருந்து இருந்து இப்படி ஆயிட்டா. கேஸெல்லாம் வேண்டாமே... அவ்வளவு பசையை அப்பினா எந்தப் பெடல்தான் மேல வரும்?"

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார்.

"பசையா?"

"ஆ... ஆமா..."

"நான் மெழுகுன்னுதானே சொன்னேன்?"

தம்பியின் முகம் வெளுத்தது. கதவை நோக்கி ஓர் எட்டு வைத்தான். வெளியே இரண்டு கான்ஸ்டபிள்கள்!

"வீடு அவ பேர்ல இருக்கு சார்... விக்கச் சொன்னா மாட்டேங்கறா! மெழுகு வெக்கறதை ஒருநாள் பார்த்தேன். அது மேல பசையை அப்பினா பழி அவ மேலயே போயிடும்னு நெனச்சேன்..."

"நெனச்சதை நெனப்போட நிறுத்தியிருக்கணும். நட!"

காலடிச் சத்தங்கள் தேய்ந்தன.

அறையில் இருவர் மட்டும்.

"பேசாம இருந்தாலும், வீட்ல ஒரு ஆள்னு இருந்தான்..." அவள் கூரையைப் பார்த்தாள். "இனிமே அதுவும் இல்லை."

மெக்கானிக்குக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. கிரீஸ் கறை படிந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி ரெடியாக ஒரு மாசம் ஆகும் மேடம்."

"பெடல் ஒட்டாதில்ல?"

"ஒட்டவே ஒட்டாது."

"அப்புறம் என்ன சாக்கு சொல்லி நான் ஷெட்டுக்கு வர்றது?"

மெக்கானிக் முதல் தடவையாகச் சிரித்தார்.

"ஹாரன் அடிக்கலைன்னு சொல்லிட்டு வாங்க மேடம். எத்தனை வருஷம் ஆனாலும் நான் கண்டுபிடிக்க மாட்டேன்!"