மங்கலாக்கிய கரை

வாத்தியார் சவுஃபி, ஹஸ்னாவின் தூண்டில் கடைக்குள் நுழைந்தபோது அவர் சட்டை தோள் வரை நனைந்திருந்தது. வெளியே மழை இல்லை. ஆற்றிலிருந்து நேராக வந்திருந்தார். கண்ணாடிப் பெட்டிமேல் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்தார். ஆவலாகப் பிரித்துப் பார்த்த பூன் கியாட் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். உள்ளே விரல் நீளக் கெலா மீன் குஞ்சுகள், எல்லாம் செத்து விறைத்தவை.

"மடுத் தண்ணில கரண்ட் வெச்சுட்டாங்க அக்கா," என்றார் சவுஃபி. "பெருசையெல்லாம் அள்ளிட்டுப் போயாச்சு. எனக்கு விட்டுவெச்சது இதுதான்."

ஹஸ்னா கையிலிருந்த தூண்டில் ரீலைக் கீழே வைத்தாள். கோலா லிப்பிஸ் வட்டாரத்தில் பழுதான ரீல்கள் அவளிடம்தான் வரும். தூண்டில்காரர்களின் இணையக் குழுவுக்கு நிர்வாகியும் அவள்தான் என்பதால் பழுதான சிநேகங்களும் அங்கேயே வந்து சேரும். பூன் கியாட் டுரியான் தோட்டக்காரன். பழம் விழாத மாதங்களில் அவளுக்குத் துணையாகத் துப்பறிவான். அதாவது, காப்பி ஆறுவதற்குள் யாரையாவது குற்றவாளி ஆக்கிவிடுவான்.

"அந்த மடு தெரிஞ்சது ரெண்டே பேருக்கு," என்றார் சவுஃபி. "எனக்கு, டெரிஸுக்கு. சின்ன வயசுல ரெண்டு பேருமா படகுல போய்க் கண்டுபிடிச்சது. நான் சொல்லல. அப்ப யாரு சொன்னது?"

"டெரிஸ்தான்," என்று உடனே முடித்தான் பூன் கியாட். "போன மாசம் வெளியூர் ஆளுங்க ஆத்துப் பக்கம் சுத்த ஆரம்பிச்சப்பவே, இடத்தை வித்தியான்னு வாத்தியார் குரூப்ல அவனை நேருக்கு நேரா கேட்டாரு. ஒரு வார்த்தை பதில் வரல. இப்ப படக வித்துட்டு ஜொகூர்ல ஏதோ ஃபேக்டரிக்குப் போயிட்டான். ஓடிப்போறவன் வேற யாரு?"

"தூண்டில் போட அவன் படகுல ஏற ஆள் வந்தாத்தானே இங்க இருப்பான்," என்றாள் ஹஸ்னா. "இடத்தை விக்கிறவன்னு வாத்தியார் எழுதினப்புறம் யாரும் அவனைக் கூப்பிடல."

சவுஃபி குரலை உயர்த்தவில்லை. "இன்னைக்கு நீங்களே குரூப்ல போடணும் அக்கா. டெரிஸை நீக்கியாச்சு, இனிமே எந்த ஆத்துலயும் அவனோட யாரும் போகக்கூடாதுன்னு. நீங்க சொன்னா பகாங் மாநிலம் முழுக்கக் கேக்கும்."

அது உண்மை. அவள் அப்படி எழுதிவிட்டால் டெரிஸ் இந்தப் பக்கம் மறுபடி படகு இறக்கவே முடியாது.

கடைக்குப் பின்னால் ரயில் ஊதிக்கொண்டு போனது. கண்ணாடிப் பெட்டிக்குள் தூண்டில் முட்கள் கிலுகிலுத்தன. மூவரும் வாயை மூடிக் காத்திருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். தண்டவாளத்தை ஒட்டியே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது ஒரு சத்தமே இல்லை.

"கரண்ட் வெச்சவங்க எப்படி வந்தாங்க?" என்றாள் ஹஸ்னா. "படகுலயா?"

"நடந்து. ரயில் பாலத்துக்கிட்டேருந்து காட்டை வெட்டிக்கிட்டு வந்திருக்கானுங்க, எருமைங்க மாதிரி. பாலத்துக்கு அந்தப் பக்கமும் கொஞ்ச தூரம் வெட்டிட்டு விட்டிருக்கானுங்க. மேல ஓடைப் பக்கமும் ஒரு வெட்டு."

"நீங்களும் டெரிஸும் எப்படிப் போவீங்க?"

"எப்பவும் படகுதான். சுலபமான வழி அது ஒண்ணுதானே."

ஹஸ்னா செத்த குஞ்சுகளை ஒருமுறை பார்த்தாள். "அந்த மடுவுல பிடிச்ச மீனைப் படம் எடுத்து எங்கயாவது போட்டீங்களா?"

சவுஃபிக்கு அந்த வேதனையிலும் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. "ஒரே ஒரு வீடியோ. பெரிய கெலா, பிடிச்சுத் திரும்ப விடுறது. இந்தக் காலத்துப் பசங்களுக்கு முறையைக் காட்டத்தான் போட்டேன். குரூப் விதியெல்லாம் எழுதினவனே நான், எனக்குத் தெரியாதா? கரையை மங்கலாக்கிட்டேன். தொப்பியைக்கூட மறைச்சேன். ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து திரும்பத் திரும்பப் பாத்துட்டுத்தான் போட்டேன்."

"அப்புறம்?"

"அன்னைக்கே டெரிஸ் மெசேஜ் அனுப்பினான். 'அந்த வீடியோவை எடுத்துடுண்ணே'ன்னு ஒரே வரி. காரணம் கேட்டேன், 'நேர்ல சொல்றேன்'னான். பொறாமை, வேற என்ன? பெருசு என் கையில மாட்டிச்சுல்ல. அதுக்கப்புறம் நான் அவனைப் பாக்கவே இல்லை."

"பாத்தீங்களா," என்று எழுந்தே விட்டான் பூன் கியாட். "பயந்திருக்கான்."

"உக்காரு கியாட். அந்த வீடியோவைப் போடு."

பூன் கியாட் போனை நீட்டினான். இரண்டு கைகள், பொன்னிறச் செதில்கள், சுற்றிலும் கலங்கிய பச்சைப் புகை. எந்தக் காடு, எந்தக் கரை என்று கடவுளுக்குத்தான் தெரியும். மீன் வாலை அசைத்து நழுவியது.

"சுத்தமா இருக்கு. குறையே இல்லையே," என்றான் பூன் கியாட்.

"சத்தத்தைக் கூட்டு."

தண்ணீரின் சலசலப்பு. அதற்குப் பின்னால், தெளிவாக, நீளமாக ஒரு ரயில் ஊதல். ஊதல் அடங்குமுன்பே இரும்புப் பாலம் தடதடவென்று அதிர்ந்தது.

ஹஸ்னா விரலால் தொட்டு வீடியோவை நிறுத்தினாள்.

"ஸ்டாஃப் ரூம்ல சத்தத்தை அமத்திட்டுத்தானே பாத்தீங்க," என்றாள் ஹஸ்னா மெதுவாக. "சத்தம் வெச்சிருந்தாலும் உங்க காதுல விழுந்திருக்காது. நம்ம யாருக்கும் விழாது. வெளியூர்க்காரனுக்கு அது மட்டும்தான் விழும். வளைவுல ஊதி முடிக்கிறதுக்குள்ள இரும்புப் பாலம் ஏறுற இடம் இந்தப் பாதையில ஒண்ணுதான் இருக்கு."

"டெரிஸ் சொல்லியும் இருக்கலாமே," என்றார் சவுஃபி.

"டெரிஸ் சொல்லியிருந்தா படகுல வந்திருப்பாங்க, நேரா மடுவுக்கு. பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எதுக்கு வெட்டிப் பாக்கணும்? வழி தெரிஞ்சவன் தேட மாட்டான். இவங்க தேடியிருக்காங்க வாத்தியாரே. பாலத்துலேருந்து ஆரம்பிச்சுத் தேடியிருக்காங்க."

"அப்ப அந்த மெசேஜ்?" என்று கேட்டான் பூன் கியாட். அவன் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தான்.

"அவன் படகுக்காரன், காதை வெச்சுப் பிழைக்கிறவன். கேட்ட உடனே புரிஞ்சிருக்கும். எழுத்துல எழுதினா அதை யாராவது படிப்பாங்கன்னு நேர்ல சொல்றேன்னிருக்கான். இவர் பாக்கவே இல்லை. குரூப்ல அத்தனை பேரும் திட்டினப்ப ரயில் சத்தம், பாலம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவன் தப்பிச்சிருப்பான், ஆனா இடம் எல்லாருக்கும் தெரிஞ்சு போயிருக்கும். இடத்தைச் சபையில சொல்லக்கூடாதுன்னு விதி எழுதினது யாரு?"

சவுஃபி தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பிறகு போனை எடுத்து டெரிஸை அழைத்தார். டெரிஸ் எடுத்துவிட்டான், பின்னால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"டெரிஸு, ரயில் சத்தம்டா."

"ஆமாண்ணே."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"என்கிட்டயாவது திட்டிச் சொல்லியிருக்கலாமேடா."

"வீட்டுக்கு ரெண்டு தடவை வந்தேன். அண்ணி நீங்க இல்லைன்னாங்க. உங்க மோட்டார் சைக்கிள் வாசல்லதான் நின்னுச்சு."

சவுஃபி கண்களை மூடிக்கொண்டார். "திரும்பி வந்துடு. நான் குரூப்ல எழுதுறேன், தப்பு என்னோடதுன்னு."

"படகு இல்லையேண்ணே. வந்து என்ன செய்ய?" இயந்திரச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினான். "கரண்ட் வெச்சுட்டாங்கன்னு இங்க ஒருத்தன் சொன்னான். குஞ்சாவது மிஞ்சிச்சா?"

சவுஃபி பிளாஸ்டிக் பையைப் பார்த்தார். மறுமுனையில் ஷிஃப்ட் மணி அடித்தது. டெரிஸ் அப்புறம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டான்.

அங்கேயே உட்கார்ந்து அவர் குழுவில் எழுதினார். டெரிஸ் குற்றமற்றவன், அவன்மேல் பழி போட்டவர் தானே, மடுவைக் காட்டிக்கொடுத்ததும் தன் வீடியோதான், மன்னிக்க வேண்டும். வீடியோவையும் நீக்கினார். அது அதற்குள் எத்தனையோ குழுக்களுக்குப் போயிருந்தது. அதை நீக்க அவரால் ஆகாது. ஹஸ்னா குஞ்சுகளைக் காகிதத்தில் சுற்றிக் கொல்லைப் பக்கம் புதைக்க எடுத்துப் போனாள்.

திரும்பி வந்தபோது மன்னிப்புக்கு முதல் பதில் வந்திருந்தது. பூன் கியாட் அதைப் படித்துவிட்டு, யாருக்கும் காட்டாமல் போனைக் கவிழ்த்து வைத்தான். அவள் நிமிர்த்திப் பார்த்தாள்.

"பரவால்ல வாத்தியாரே, மனசு பெருசு உங்களுக்கு. அது எந்த ஆறுன்னு மட்டும் சொல்லலையே?"