அழித்த குரல்

வெண்டெல் ஸ்ட்ரௌட் காரை விட்டு இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் கெண்டக்கி மலையிடுக்கில் பிற்பகலிலேயே வெளிச்சம் வடிந்துவிடும். நிலக்கரிப் புகையும் ஊறிய இலைகளும் கலந்த வாடை. இறந்துபோன மனைவி வெர்னா பிறந்து வளர்ந்த வீடு அது. அவளைப் புதைத்து மாதங்கள் ஆகிவிட்டன; இப்போதுதான் வருகிறான்.

சமையலறையில் அவளுடைய அக்கா ஓப்பல் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“வாங்க, பெரிய பாட்டுக்காரரே. வழி ஞாபகம் இருக்கே.”

“கல்லறைக்குப் போகணும், ஓப்பல்.”

“மழை விடட்டும். அவ எங்கயும் எழுந்து போயிடல.”

அந்த மேசையில்தான் அவனும் வெர்னாவும், அவனுக்குப் பேர் வாங்கித் தந்த காதல் பாட்டைக் கட்டினார்கள். முதல் குரல் அவனுடையது. அதனடியில் ஒட்டிக்கொண்டே வரும் இரண்டாம் குரல் வெர்னாவுடையது. நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு முடிந்ததும் தயாரிப்பாளர் சொன்னார்: “அந்தப் பொண்ணு குரல்ல மலை வாடை அடிக்குது. எடுத்துட்டு வயலின் போட்டா டவுன்காரனும் கேப்பான்.” கண்ணாடிக்கு அப்பால் வெர்னா பார்த்துக்கொண்டு நின்றாள். வெண்டெல் சரியென்று தலையாட்டினான்.

நாட்டுப்புறத்தார் கேட்கும் கன்ட்ரி ரேடியோவில் மட்டுமல்ல, நகரத்து நடன விடுதிகளிலும் பாட்டு பற்றிக்கொண்டது. வெர்னா ஊர் திரும்பினாள். அதன்பின் அவள் பாடவில்லை. குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தாள். நியூயார்க்கில் இருந்தவனுக்குத் தந்தி வந்தது. அதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு மேடையேறி அதே பாட்டைத்தான் பாடினான்.

ஓப்பல் கையைத் துடைத்துக்கொண்டு ரேடியோவைத் திருகினாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பாட்டு வந்தது. வயலின்கள். அவன் குரல்.

இரண்டாவது வரியில், அடியில், ஒரு பெண் குரல்.

“இத யாரு மாத்தினது?”

“யாரும் மாத்தல. இந்த வீட்ல எப்பவும் இப்படித்தான் வருது,” என்றாள் ஓப்பல். “மொதல்ல பயந்தேன். இப்ப அவ வரலைன்னாதான் பயம்.”

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. ரேடியோவிலிருந்து அல்ல.

அவன் இடது காதருகே.

கற்பூரத் தைலத்தின் நெடி. கடைசி நாட்களில் அவள் நெஞ்சில் தடவியது என்று பிறகு ஓப்பல் சொன்னாள்.

பாட்டு முடிந்தது.

குரல் முடியவில்லை.

“வெர்னா,” என்றான் மெல்ல. “நான் தலையாட்டியிருக்கக் கூடாது.”

சட்டென்று அமைதி. கூரையில் மழை மட்டும்.

அந்த வாரமே நாக்ஸ்வில் நகரில் கச்சேரி. கூட்டம் அந்தப் பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்டது. வெண்டெல் வாயைத் திறந்தான். வந்தது முதல் குரல் அல்ல, இரண்டாம் குரல். நிறுத்தி மறுபடி தொடங்கினான். அதேதான். மேலே முதல் குரல் இருக்கவேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்க, அடியில் அவன் மட்டும் முனகிக்கொண்டிருந்தான். முதலில் சிரித்தார்கள். பிறகு கத்தினார்கள். வெர்னா நின்ற அந்த இடத்தில் நிற்பது எப்படியிருக்கும் என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. கிதாரைக் கீழே வைத்துவிட்டு இறங்கினான்.

அதோடு மேடை முடிந்தது. வெர்னாவின் மலையிலேயே ஒரு சிறு வீடு எடுத்துத் தங்கிவிட்டான். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் கடைசிக்கு முந்தைய பெஞ்சில் உட்கார்ந்து, தனக்கு வந்த அந்த இரண்டாம் குரலையே பாடினான். அவனுக்கு இடப்பக்கம் ஏனோ யாரும் உட்காருவதில்லை.

பனிக்காலத்தில் ஒரு ஞாயிறு, ஊருக்குப் புதியவளான ஒருத்தி அவன் பின்னால் வந்து அமர்ந்தாள். பாட்டு நடுவே அவன் தோளைத் தட்டினாள்.

“உங்க வீட்டம்மா இப்படி நடுங்குறாங்களே,” என்று கிசுகிசுத்தாள். “கோட்டைக் கழட்டிக் குடுக்கக் கூடாதா?”

வெண்டெல் திரும்பிப் பார்க்கவில்லை. கோட்டைக் கழற்றி, இடப்பக்க வெறுமையின் மேல் போட்டான்.

அது பெஞ்சுப் பலகையில் விழவில்லை.