கவியாவின் ஜன்னல்

சிம் அடுப்பில் உருகி முடிந்த பிறகும் வெளியே ஜீவா சிரித்துக்கொண்டிருந்தான்.

வனிதா ஊதுகுழலைக் கீழே வைத்தாள். தலைச்சோலைக் காப்பி எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீடுகளில் டவர் கிடைப்பது இரண்டே இடங்களில்: அவளுடைய சமையலறை ஜன்னல் விளிம்பு, அதற்கு நேர் வெளியே, பலாமரத்தடிக் கல். காப்பிப் பழம் பறித்துத் திரும்பும் கணவன் ஜீவா அந்தக் கல்லில் அமர்ந்தால், காப்பித்தோலின் புளித்த வாடை ஈரவிறகுப் புகையோடு கலந்து, மூடுபனி இறங்கி, எதிர்ச்சரிவு முழுவதும் மறைந்துபோகும்வரை போனிலிருந்து தலை நிமிரமாட்டான். அவள் பேசினாலும் 'ம்' என்பான். அழுதாலும் 'ம்' என்பான். அவனைப் பேசவைக்க வேறு வழி தெரியாமல்தான், ஏற்காட்டுக் கடையில் புது சிம் வாங்கி, கவியா என்று பெயர் வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் நின்று அவனுக்குச் செய்தி அனுப்பத் தொடங்கினாள். 'சாப்டியா அம்மிணி?' என்று பதில் வந்தது. கல்யாணமான புதிதில் அவளிடம் அவன் கேட்டது. ஒரு சுவருக்கு இப்பால் நின்று, தன் கணவன் யாரோ ஒருத்தியைக் கொஞ்சுவதைப் படித்துப் படித்து நெஞ்சு வெந்தவள், இன்று எல்லாவற்றையும் அழித்து, போனை அணைத்து, சிம்மை நெருப்பில் போட்டாள்.

வெளியே இன்னும் செய்தி வரும் ஒலி.

ஓடினாள்.

"ஏனுங்க, யாருகிட்டப் பேசறீங்க?"

"கவியாகிட்ட."

"அது நாந்தானுங்க! உங்க பேச்சுக்கு ஏங்கிப்போயி நாந்தான் அனுப்புனேன். சாமி சத்தியமா!"

அவன் கண்ணை எடுக்கவில்லை. "நீ வந்து இப்பிடித்தான் சொல்லுவியாம். இப்பத்தான் அவ அனுப்புனா. நொம்ப வெவரமானவ!"

மறுபடி ஒலி. படித்தவன் முகம் மலர எழுந்தான்.

"ஊட்டுக்குள்ள வந்துட்டாளாம். சோறு ஆறுதாம்."

"உள்ள யாருமில்லீங்க. போகாதீங்க. என்னையப் பாருங்க, ஏனுங்க!"

பிடித்த கையைப் பார்க்காமலே விலக்கிவிட்டுப் போனான். உள்ளே தாழ் விழுந்தது.

கதவைத் தட்டினாள். வளையல் ஓசை. தட்டு வைக்கும் ஓசை. தாளித்த மணம். அவள் இன்று தாளிக்கவேயில்லை.

ஜன்னல்.

ஜீவா போனைக் கவிழ்த்து வைத்திருந்தான். முதுகு காட்டி நின்ற ஒருத்தியை ஆசை தீரப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்பிடி ஒக்காரு அம்மிணி. உம் மூஞ்சியப் பாத்து எத்தன நாளாச்சு."

உள்ளே நின்றவள் திரும்பினாள்.

வனிதாவின் முகம். வனிதாவின் தாலி. பதறாமல் வந்து, ஜன்னலின் ஒரு கதவைச் சாத்தினாள். பிறகு மற்றொன்றை.

வெளியே பனியில் நின்றவள் தன் கழுத்தைத் தொட்டாள். தாலி இல்லை. கை மேலே போயிற்று.

முகம் இருந்த இடத்தில், அணைந்த போன் திரையின் குளிர்ந்த கண்ணாடி.