சீரோடு திரும்பியவரின் மகள்

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் மழை சாய்ந்து அடித்தது. பசுமலைப் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, செக்கானூரணியில் இருக்கும் வீட்டுக்குப் பேருந்து ஏற வந்த கனகலட்சுமி பூக்கடைக் கூரைக்குள் ஒதுங்கினாள். அடுத்த நொடி ஒருவன், தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு அதே கூரைக்குள் ஓடி வந்து நிமிர்ந்தான். பெரிய கண்கள்... சிரிப்பதற்கென்றே படைத்தவை போல.

அவளுக்குத் தெரிந்த முகம். மதுரையில் செல்போன் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த முகம். அரை நிமிட வீடியோக்களில் ஊரையே சிரிக்கவைக்கும் மேலூர் அழகுபாண்டி!

அவள் பார்ப்பதைக் கண்டு ஈர முடியைக் கோதினான்.

"செல்ஃபியா? எடுத்துக்கங்க. மழைல கொஞ்சம் அழகு கம்மியாத்தான் இருப்பேன்."

"செல்ஃபி வேணாம். சீர்த்தட்டோட திரும்பிப் போன மாமான்னு ஒண்ணு போட்டீங்களே... அது எங்கப்பா."

அவன் கை முடியிலேயே நின்றுவிட்டது.

சித்திரையில் நடந்தது அது. கனகலட்சுமியின் அப்பா காளை, தங்கை மகளின் காதணி விழாவுக்குத் தாய்மாமனாக மேளத்தோடு சீர் கொண்டு போனார். மண்டப வாசலில் இருந்து அத்தனை தட்டுகளோடும் திரும்பிவிட்டார். யாரோ அதைப் படம்பிடித்து அனுப்ப, வரவேற்பு வேட்டு போடாத கோபத்தில் மாமா திரும்பியதாக அழகுபாண்டி குரல் கொடுத்தான். பதினோரு லட்சம் பேர் பார்த்துச் சிரித்தார்கள். அதன் பிறகு காளை எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. டீக்கடையில்கூட எவனாவது, "மாமா, வேட்டு போடவா?" என்றான். நிமிர்ந்தே நடந்த மனிதர், ஆள் இல்லாத வரப்பு வழியாகத் தோட்டத்துக்குப் போனார்.

மன்னிப்புக் கேட்பான் என்று அவள் நினைத்தாள். அவன் கேட்டது வேறு.

"எதுக்குங்க திரும்புனாரு?"

இத்தனை மாதத்தில் இதைக் கேட்ட முதல் ஆள்...

சொன்னாள். முன் தட்டைத் தூக்கி வந்தவர் அப்பாவின் அக்கா சின்னத்தாய். கணவரை இழந்தவர். வாசலில் ஒருவர் அவரை ஓரமாக நிற்கச் சொன்னார். அக்கா முன்னால் போகாவிட்டால் எந்தத் தட்டும் உள்ளே போகாது என்று அப்பா திரும்பிவிட்டார். அவள் சொல்லி முடிப்பதற்குள் அவள் ஊர் வழியாகப் போகும் இரண்டு உசிலம்பட்டிப் பேருந்துகள் போய்விட்டன.

"அழிச்சுர்றேன்" என்றான்.

"அழிச்சா? சிரிச்சவங்களுக்கு மறந்துருமா?"

அந்த வாரமே அவன் அவர்கள் வீட்டுக்கு வந்து, முழுக் கதையையும் சொல்ல அனுமதி கேட்டான். காளை அவனை உட்காரச் சொன்னார். வீட்டுக்கு வந்தவனுக்கு அது முறை. மற்றபடி முகம் கொடுக்கவில்லை. அக்காவின் பேரும் முகமும் வெளியே வரக் கூடாது. வாசலில் தடுத்தவரும் சம்பந்தி வீடுதான், அவரையும் கேலி செய்யக் கூடாது என்றார்.

"சிரிக்கணும்னா ஒன்னையச் சொல்லிச் சிரிச்சுக்க."

அப்படியே செய்தான். வேஷம் இல்லை, பாட்டு இல்லை. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து முப்பத்தெட்டு நிமிடம் பேசினான். பாதியைப் பார்த்துவிட்டு மீதியைத் தானே இட்டுக்கட்டியதைச் சொன்னான். தன் சொந்தத் தங்கை வீட்டு விசேஷத்தில் தனக்குப் போட்ட மாலை வாடியிருக்கிறது என்று முறுக்கிக்கொண்டு பந்தியில் உட்காராமல் நின்றதையும், பசி பொறுக்காமல் சமையற்கட்டில் ஒளிந்து வடை தின்றதையும் சொன்னான். கனகலட்சுமி சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள்.

'மாப்ள, காமெடி எங்க?' என்று எழுதிவிட்டு ஆயிரக்கணக்கில் விலகிப் போனார்கள். அவன் போனில் கேட்டதெல்லாம் அப்பா பார்த்தாரா என்பதுதான். மூன்று தடவை என்றாள்.

பிறகு பெண்கள் எழுதத் தொடங்கினார்கள், தாங்கள் ஒதுங்கி நின்ற வாசல்களைப் பற்றி. அவன் அடுத்த நீண்ட பேச்சைத் தயார் செய்தான், அதற்கடுத்ததையும். ஒவ்வொன்றையும் முதலில் அவளுக்கே அனுப்பினான். பரீட்சைத் தாள் திருத்துவதுபோல அவள் திருத்தினாள். இந்த இடத்தில் அவசரப்படுகிறீர்கள்... இங்கே கொஞ்சம் நிறுத்துங்கள்... அவர்களுக்குள் போன் பேச்சு நீண்டது. காளை மறுபடியும் கடைவீதி வழியாக நடந்தார். டீக்கடையில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார்.

அப்புறம் திடீரென்று அவனிடமிருந்து போன் வரவில்லை. மூன்று வாரம். நான்காவது வாரம் அவளே அழைத்தாள். பசுமலை பஸ் ஸ்டாப்புக்கு வந்து நின்றான். தூறல். அவன் கண்களில் சிரிப்பு இல்லை.

"ஒரு பொண்ணுக்காகத்தான் இம்புட்டும் பேசுனான்னு நாலு பேரு சொன்னா, ஒங்கப்பாவுக்குத் திரும்பக் கெடச்ச மரியாதை என்னாகும்? அதான் ஒதுங்கிக்கலாம்னு பாத்தேன்... முடியல. ஒங்கள அம்புட்டுப் பிடிச்சிருக்கு."

அவள் இமையில் நின்ற தூறலைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கும்தான். நேத்தே அப்பாகிட்டச் சொல்லிட்டேன்."

"சொல்லிட்டீங்களா... என்ன சொன்னாரு?"

"முறையா வந்து கேட்டா எவன் என்ன பேசுவான்னாரு." தலையைக் குனிந்துகொண்டாள். "ஞாயித்துக்கெழம ஒங்க வீட்ல எம்புட்டுப் பேரு வருவாங்க? கறிக்குச் சொல்லணுமாம்."